கோட்டை வீடான இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் நல்ல சுகம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கனடாவில் ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். சண்டை முடிந்ததும் படை போய்விட, ஒரு குடும்பம் அதை வீடாக்கியதாம். பீரங்கி நின்ற இடத்தில் இப்போது ரோசாப் பாத்தி. சுற்றிவர அளவெடுத்து வெட்டிய செடிவேலிகள். "இப்படி வேறெங்கும் பார்க்க முடியாது" என்றாள் வழிகாட்டிப் பெண்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கட ஊரில மறுவளம், எல்லாம் தலைகீழ்! சண்டை முடிஞ்சு இவ்வளவு காலமாகியும் ஆமிக்காரங்கள் எங்கட வீட்டை முகாமாத்தான் வச்சிருக்கிறாங்கள்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பாராட்டு என்று நினைத்து அவள் நன்றி சொன்னாள்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். முகாம் வாசலால் போகும்போது, அம்மா நட்ட முருங்கை நிற்கிறதா என்று பாருங்கள். நின்று பார்க்காதீர்கள், விசாரிப்பார்கள்; நடந்தபடியே பாருங்கள்.

மகள்
றெஜினா