பொங்கலன்றும் கல் வெட்டினோமாம்

கிங்ஸ்பரி
09.09.2025

அன்புள்ள பாலேந்திரா அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? லலிதா அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? இரண்டு வீடும் லண்டனுக்குள் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பீர்கள். போனில் நாலு வசனம் கதைத்தால் இருமல் வந்துவிடுகிறது. எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம்.

ஸ்கேன் முடிவு வந்தது. கல்தூசு நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதாம். மருந்தால் மாற்ற முடியாது, இன்னும் கூடாமல் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு நாற்பத்தாறு வயதுதான்.

நட்டஈடு கேட்க லாயர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். முதலாளி கௌசிகனோ, பட்டறையில் குசினி மேடைக்கான எல்லாக் கல்லும் தூசு பறக்காமல் தண்ணீர் போட்டுத்தான் வெட்டப்பட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என் வருத்தம் சிகரெட்டால் வந்ததாம். நான் சிகரெட் பிடித்து எப்போதாவது கண்டீர்களா?

கல் வெட்டிய தண்ணீர் வெள்ளைச் சேறாகத் தெரு வடிகானுக்குள் ஓடுகிறது, வடிக்கத் தொட்டி கட்டு என்று கவுன்சில் சொன்னது. முதலாளி தொட்டி கட்டாமல் தண்ணீரை நிறுத்தினார். காரில் தூசு படிகிறது என்று அயலவர்கள் முறைப்பாடு வைக்க, ஷட்டரையும் இறக்கினார். பட்டறை இருக்கும் சவுத்தாலில் வெளித்தெரு சுத்தமானது. குவார்ட்ஸ் கல்லின் தூசு முழுவதும் எங்களோடு உள்ளே நின்றது.

நீங்கள் எங்கள் சூப்பர்வைசர். நடந்ததை நடந்தபடி லாயரிடம் சொன்னால் எனக்குப் போதும்.

அன்புத் தம்பி,
கிருஷாந்

•

செவன் கிங்ஸ்
16.09.2025

அன்புத் தம்பி கிருஷாந்துக்கு,

கடிதம் கிடைத்தது. லலிதா வாசித்துவிட்டு அழுதாள். சயந்தினியைத் தைரியமாக இருக்கச் சொல். பிள்ளை றூபினிக்குப் படிப்பு எப்படிப் போகிறது?

நீ எழுதியதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கௌசிகன் லலிதாவின் தம்பி. இந்த நாட்டில் எனக்கு முதல் வேலை தந்தவன். தண்ணீரைத் திறக்கச் சொல்லி நானும் கேட்டேன். "அத்தான், இந்த ஓடர் முடியட்டும், பிறகு பாப்பம்" என்றான். ஓடர் எப்போது முடிந்தது!

குடும்பத்துக்குள் பகைத்துக்கொள்ள எனக்கு ஏலாது. கோபிக்காதே. வேறு என்ன உதவி வேண்டுமென்றாலும் கேள்.

அண்ணை,
பாலேந்திரா

•

கிங்ஸ்பரி
07.10.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் மறுத்ததை விளங்கிக்கொள்ளப் பார்த்தேன். நேற்று வந்த தபாலுக்குப் பிறகு முடியவில்லை.

பட்டறையின் நாளாந்தச் சோதனைப் படிவங்களைக் கௌசிகன் பக்கத்தார் சாட்சியாக அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் தண்ணீர் சரி, மாஸ்க் சரி. கீழே உங்கள் கையெழுத்து. அதற்குக் கீழே என்னுடையது. என்னைவிட வடிவாக என் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

கிறிஸ்மஸை விட்டிருக்கிறீர்கள். ஆங்கிலப் புதுவருடத்தை விட்டிருக்கிறீர்கள். ஞாயிறு ஒன்றும் தவறவில்லை. ஆனால் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை: காலை எட்டு மணி, தண்ணீர் சரி, ஏழு பேர் வேலை. அண்ணை, அன்று தைப்பொங்கல்! பட்டறை பூட்டு. ஏழு பேரும் உங்கள் வீட்டில் இருந்து பொங்கல் சாப்பிட்டோம். றூபினி எடுத்த படம் திகதியோடு இருக்கிறது. வெள்ளைக்காரரின் லீவெல்லாம் ஞாபகம் வைத்திருந்தீர்கள், எங்கள் பொங்கலைத்தான் மறந்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமி, சயந்தினி ஓடிவந்துவிட்டாள்.

பிறகு நல்ல கோபம் வந்தது. என் பெயரை வைத்து எனக்கு எதிராகவே எழுதியிருக்கிறீர்களே!

லாயருக்கு இந்தப் பொங்கல் நாளை இன்னும் காட்டவில்லை. நான் காட்டினால் கள்ளக் கையெழுத்து வைத்தவர் நீங்கள் மட்டும்தான். "எல்லாம் அத்தான்தான் பாத்தவர்" என்று கௌசிகன் கையைக் கழுவிவிடுவார். நீங்களே முதலில் போய்ச் சொன்னால் கதை வேறு. 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை எனக்கு லாயரோடு சந்திப்பு. அதுவரை பொறுக்கிறேன்.

உள்ளே இன்னும் ஆறு பேர் வெட்டுகிறார்கள்.

கிருஷாந்

•

செவன் கிங்ஸ்
10.10.2025

கிருஷாந்,

என்னை வெருட்டுகிறாயா? உன்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். ஓம், சேர்த்ததும் நான்தான்.

பட்டறையைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மாதப் படிவத்தை நிரப்பினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று நாலு விதப் பேனை வாங்கினேன். அவ்வளவு கெட்டித்தனம். லலிதா மூன்று தரம் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

பாலேந்திரா

•

செவன் கிங்ஸ்
16.10.2025

அன்புத் தம்பி கிருஷாந்துக்கு,

நேற்று உன் லாயரிடம் போனேன். பட்டறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "தண்ணி இல்லாமல் ஒருத்தரும் கல்லிலை கை வைக்கக்கூடாது" என்று பொடியங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். இரண்டு மணித்தியாலம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனைகளைப் பற்றியும் சொன்னேன். பொங்கல் நாளை நானே எடுத்துக் காட்டினேன். இனி இது சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் போகுமாம். எனக்கும் தண்டனை வரலாம். வரட்டும்.

பின்னேரமே கௌசிகனுக்குத் தெரிந்துவிட்டது. வேலை போய்விட்டது. லலிதா தம்பியோடு அழுது கதைத்துவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

எல்லாம் முடிந்தது, இனி உன்னை வந்து பார்க்கலாம் என்ற சந்தோசத்தில்தான் லாயரின் அறையில் எழும்பினேன். அப்போதுதான் லாயர் சொன்னார், நான் இப்போது உன் பக்கத்துச் சாட்சியாம். வழக்கு முடியும்வரை நாங்கள் சந்திக்கக்கூடாது, கதைக்கக்கூடாது, கடிதமும் கூடாது. இரண்டு பேரும் பேசி வைத்துச் சொன்னது என்று கௌசிகன் பக்கத்து லாயர்கள் சாட்சியத்தை உடைத்துவிடுவார்களாம். "எவ்வளவு காலம்?" என்று கேட்டேன். இரண்டு வருடம் பிடிக்கலாம் என்றார். "அவன்ரை நெஞ்சு அவ்வளவு காலம் பொறுக்குமோ?" என்று கேட்டேன்.

நீ முதலில் இருமத் தொடங்கிய அன்றே நான் வாய் திறந்திருக்க வேண்டும். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன்.

கூடாது என்று தெரிந்தும் இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதற்குப் பதில் போடாதே, தம்பி. வழக்குக் கெட்டுவிடும். என்னை மன்னித்திருந்தாலும் எழுதாதே.

உன் அண்ணை,
பாலேந்திரா