இரண்டு நோ ட்ரம்ப்புக்குப் பிறகு

12.2.87, வியாழன்

மத்தியானம் ஆசிரியர் அறையில் பிரிட்ஜ் சீட்டாட்டம். என் கூட்டாளி மேரி ரீச்சர். அவ ஏலத்தைத் தொடங்க, ஆறு புள்ளிக் கையோடு நான் பதில் சொன்னேன். அடுத்து அவ இரண்டு நோ ட்ரம்ப் என்றா. துருப்பு இல்லாமல் எட்டுப் பிடி எடுக்கலாம் என்ற ஏலம்; பலமான கை. நான் மூன்றுக்கு உயர்த்தியிருக்க வேண்டும். வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடும்போது கூட்டாளி ஏலம் கேட்ட பிறகு வாய் திறப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் “பாஸ்” என்றேன். ஒன்பது பிடி எடுத்தும், ஏலத்தில் மூன்று சொல்லாததால் பெரிய புள்ளி கிடைக்கவில்லை.

“மூண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை?”

“நீங்கள் சொன்னாப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது, ரீச்சர்?”

“இரண்டு எண்டு சொல்லி நான் உம்மைத்தானே கேட்டனான், மூண்டு போவமோ எண்டு.”

சனிக்கிழமை நடக்கும் பிரிட்ஜ் போட்டிக்கு எனக்குப் பதிலாக வேறு ஆளைச் சேர்க்கச் சொன்னார் கணக்கு மாஸ்டர். மேரி ரீச்சர் என்னைப் பார்த்தா. எனக்கு விளையாட ஆசை. அப்போதும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நாளைக்கு மணி அடிக்க முதல் மேரி ரீச்சரிட்டப் போய், போட்டிக்கு நான் வாறன் எண்டு சொல்ல வேணும்.