மருந்தில்லாத வியாழன்

மார்ச் 3

அன்பிற்குரிய தம்பிக்கு,

இங்கு நலம். தொலைபேசியில் அழைத்தால் பாதி நேரம் இருமுகிறாய், மீதி நேரம் "வகுப்புக்கு நேரமாச்சுக்கா" என்கிறாய். ஆகவே எழுதுகிறேன்.

மருத்துவக் கல்லூரியில் நுரையீரல் பாடம் நடத்தும் பேராசிரியருக்கு அக்காவாக இருப்பதில் எனக்குப் பெருமையே. இளைப்பு எப்படி ஒலிக்கும் என்று உன் மாணவர்கள் அறிய, வியாழன்தோறும் என் முதுகைக் கேட்டாய், கொடுத்தேன். சில்லென்ற ஸ்டெதஸ்கோப்புகள் வரிசையாக வந்து ஒட்டின, பொறுத்தேன். ஒரு பெண் மட்டும் அதை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைத்தாள். அவள் தேறுவாள்.

ஆனால் நேற்று நீ செய்தது பொறுக்கத்தக்கதன்று. காலையில் மூச்சு முட்டியதால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டேன். நெஞ்சு தெளிந்துவிட்டது. மாணவர்கள் காதில் ஒரு சத்தமும் விழவில்லை என்றதும், அத்தனை பேர் முன்னிலையில், "யாருக்கா உங்கள இன்னிக்கு மருந்து எடுக்கச் சொன்னது? கிளாஸே வீணாப் போச்சு" என்றாய். அடுத்த வாரம் மருந்தெடுக்காமல் வரவேண்டுமாம்.

நீ கழித்துப்போட்ட பாடப்புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். எந்தப் பக்கத்திலும் இப்படியொரு மருத்துவத்தைக் கண்டதில்லை. இனி வருவதற்கில்லை.

மனத்தாங்கலுடன்,
உன் அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. 'பொறுக்கத்தக்கதன்று' என்று திட்ட உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை.

நேற்று நீங்கள் வரவில்லை. சரி, நலமான மூச்சையாவது காட்டுவோமென்று நானே சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கருவியைச் சூடாக்கி வைக்கும் உங்கள் செல்லப்பெண்தான் முதலில் வந்தாள். வைத்த கருவியை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "சார், இது நார்மல் இல்ல. போன மாசம் உங்க அக்காகிட்ட கேட்ட அதே விசில்" என்றாள். அதட்டினேன். அடுத்தவனும் அதையே சொன்னான். மூச்சை அளக்கும் கருவியில் ஊதிப் பார்த்ததும் உறுதியாயிற்று. ஏசிக் காற்றின் மேல் நான் பழி போட்டுவந்த இருமல் அதுதான்.

எனக்கும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வியாழன் வகுப்பு முடியட்டும், ஆரம்பிக்கிறேன். சத்தம் அவ்வளவு அருமையாக இருக்கிறது. உங்களுக்கும் இனி அலைச்சலில்லை.

அன்புடன்,
தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

'அன்பிற்குரிய' என்று தொடங்க மனம் ஒப்பவில்லை. என் மூச்சோடு விளையாடியது போதாதென்று உன் மூச்சோடுமா? உனக்குப் பட்டம் கொடுத்தவர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வியாழனன்று வருகிறேன். இருவரும் மருந்தை எடுத்துக்கொண்டு அருகருகே உட்காருவோம். இளைப்பு எப்படி ஒலிக்கும் என்பதைப் பிள்ளைகள் கற்றுவிட்டார்கள். உன்னிடமே கண்டுபிடித்துவிட்டார்கள், இன்னும் என்ன வேண்டும்? அது அடங்கினால் நெஞ்சு எப்படி இருக்கும் என்பதை இனிக் கேட்கட்டும். கருவியைச் சூடாக்கி வைக்க அந்தப் பெண் மற்றவர்களுக்கும் சொல்லித்தரட்டும்.

இதற்குப் பதில் எழுத உட்காராதே. முதலில் எழுந்துபோய் மருந்தை எடு.

அக்கா