நாலு வரி மனு

மங்கை,

நீ இங்கிலீஷ் வகுப்பிலிருந்து திரும்புமுன் கட்சால் தீவு வேலைக்கு நான் போகும் கப்பல் கிளம்பிவிடும். சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

உன் பிரசவத்துக்கு உன் அம்மா வரக் கப்பலில் இடம் கேட்டு, நான் எழுதிய மூன்று மனுவிலும் பக்கம் பக்கமாகக் கும்பிடுதான். ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ இங்கிலீஷில் எழுதிய நாலு வரியைப் பார்த்து, "இதுக்குப் பேரு மனுவா?" என்று சிரித்தேன். மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை.

அந்த நாலு வரியையே இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீசர் படித்துவிட்டு, "டீக் ஹை, சரி, இப்பதான் விஷயம் புரிஞ்சுது" என்று உடனே கையெழுத்துப் போட்டார். அனுமதிச் சீட்டு அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது. நாளையே தபாலில் அம்மாவுக்கு அனுப்பு.

உதயசூரியன்

பி.கு: கட்சாலிலிருந்து உனக்கு இங்கிலீஷில் எழுதுவேன். அதில் கும்பிடு போட்ட வரிகளையெல்லாம் அடித்துவிடு. மன்னிப்புக் கேட்ட வரியை மட்டும் விட்டுவை.