மாமா உப்புப் பார்க்கிறார்

ஏங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் மாமாவைப் பார்க்க அடையாறு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன்.

"வாப்பாவுக்குக் கை நடுங்குது, சமையல்கட்டுப் பக்கம் விடாதீங்க" என்று வார்டனிடம் சொன்னீர்களாமே? அன்றிலிருந்து மாமா சவரம்கூடச் செய்யவில்லையாம். இல்லத்து ஆயா ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டாள். நானே வார்டனுக்குப் போன் போட்டு, மாமாவை உள்ளே விடச் சொல்லிவிட்டேன். கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அங்கே பிரியாணி. மாமா உப்புப் பார்த்துத் தலையாட்டினால்தான் தம் போடுவார்களாம். எதிர் அறை அமீனா பீ, "பெரிய பிரியாணி பண்டாரி, இவரு நாக்குக்கு இன்னா தெரியும்?" என்று நேற்றே வம்பிழுத்தாராம். மனிதர் விடியும்போதே சவரம் செய்து, அத்தர் பூசித் தயாராகிவிட்டாராம்.

நீங்களும் ஒரு மணிக்குள் அங்கே வந்துவிடுங்கள்.

பி.கு.: மாமாவுக்கு ஸ்பூனால் ஊட்டிவிடப் போகாதீர்கள். இன்று உங்களுக்கு அவர்தான் பரிமாறுகிறார். சிந்தினால் உங்கள் சட்டையை நான் துவைக்கிறேன்.