கோபப்பட அனுமதி வேண்டி

18.6.2007, திங்கள்
இன்று முதல் நான் உணர்ச்சி டீச்சர். தமிழ் டீச்சர் வேலைக்குக் கூடுதலாக.

ஏதோ ஒரு டிரஸ்ட்டிலிருந்து ‘சமூக உணர்வுக் கல்வி’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். கோபம், பயம், வருத்தம் எது வந்தாலும் அதை அடையாளம் கண்டு வெளியே சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டுமாம். எட்டாம் வகுப்பு பி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு.

“நீங்கதாம்மா நிறையப் படிக்கிறீங்க. அமைதியாவும் இருக்கீங்க” என்றார் ஹெட்மாஸ்டர் பொன்னுசாமி சார்.

வாயே திறக்காதவளுக்கு உணர்ச்சி இலாகா! மறுத்திருக்கலாம். ஆனால் என் வேலை நிரந்தரமாகும் ஆர்டரில் ஆகஸ்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். தலையாட்டிவிட்டேன்.

22.6.2007, வெள்ளி
“இப்போ உங்க மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.
அறுபத்திரண்டு பேரும் ஒரே ராகத்தில், “நல்லா இருக்குங்க மிஸ்!”
பிறகு மகேஷ் எழுந்தான். “மிஸ், இது பரீட்சைக்கு வருமா?”

29.6.2007, வெள்ளி
ஒரு செருப்புப் பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு வகுப்பில் வைத்தேன். மனசுப் பெட்டி. பெயர் போட வேண்டாம், மனதில் இருப்பதை எழுதிப் போடுங்கள் என்றேன். எல்லோரும் பெட்டியை வெடிகுண்டு போலப் பார்த்தார்கள்.

6.7.2007, வெள்ளி
திறந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எழுதுவதென்றால் இவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான் — லீவ் லெட்டர்.

‘பெறுநர்: மனசுப் பெட்டி அவர்கள். பொருள்: கோபப்பட அனுமதி வேண்டுதல். ஐயா, என் தம்பி என் பம்பரத்தை உடைத்துவிட்டபடியால், எனக்கு இன்று ஒரு நாள் மட்டும் கோபப்பட அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன், பெயர் இல்லை.’

இப்படியே முப்பத்தொன்று. ஒருத்தி தன் வருத்தத்துக்கு அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தாள். ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

9.7.2007, திங்கள்
காலை வழிபாட்டில் ஹெச்.எம். பேச்சு. முப்பத்தெட்டு நிமிடம், உச்சி பிளக்கும் வெயிலில். சின்ன வயதில் திருநீர்மலையிலிருந்து சைக்கிள் மிதித்துத் தாம்பரம் வந்து படித்த அதே கதை. பல்லாவரம் பக்கம் ஒரு விமானம் இறங்கியது. எல்லாப் பிள்ளைகளும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். நானும்தான்.

மதியம் ஒரு காரியம் செய்தேன். என் எழுத்து தெரியாமலிருக்க இடது கையால் ஒரு விண்ணப்பம். ‘ஐயா அவர்கள் திருநீர்மலையிலிருந்து சைக்கிளில் தாம்பரம் வந்து சேர்வதற்குள் எங்கள் கால்கள் மரத்துவிடுகின்றபடியால், ஐயா அவர்கள் பஸ்ஸில் வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

பெட்டியில் போட்டேன். நான் மட்டும் திறக்கிற பெட்டிதானே. பல வருடங்களுக்குப் பிறகு மனது லேசாக இருந்தது. அட, இந்தத் திட்டம் வேலை செய்கிறது!

13.7.2007, வெள்ளி
“இந்த வாரம் நானே திறக்கிறேன்” என்று ஹெச்.எம். வகுப்புக்கே வந்துவிட்டார்.

என் சீட்டைத்தான் எடுத்தார். கணீரென்று படித்தார். ‘தாம்பரம் வந்து சேர்வதற்குள்’ என்ற இடத்தில் குரல் இறங்கியது. மகேஷ் மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டான்.

துப்பறியும் நாவல்களைத் தின்று வளர்ந்தவள் நான். துப்பறிந்தது அவர். “எழுத்து இடது பக்கம் சாஞ்சிருக்கு. மையும் இழுபட்டிருக்கு. இந்த கிளாஸ்ல இடது கைக்காரங்க யாரு?”

அறுபத்தொரு தலைகள் ஜோதிலட்சுமி பக்கம் திரும்பின.
“நான் இல்ல சார்.”
“உங்கம்மா வர்ற வரைக்கும் கிளாஸுக்கு வெளிய நில்லு.”

நான்? நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஆகஸ்ட்.

16.7.2007, திங்கள்
வராந்தாவில் நிற்கிறாள். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வியாபாரத்தை விட்டு உடனே வர முடியாதாம்.

17.7.2007, செவ்வாய்
இன்றும் வெளியில். ஜன்னல் வழியே பார்த்தேன். அவளும் பார்த்தாள். வேற்றுமை உருபுகள் நடத்தினேன்.

18.7.2007, புதன்
அவள் அம்மா முத்தாலம்மாள் வந்தாள். வகுப்பு ஆசிரியை என்று என்னையும் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“இன்னா சார், எம் பொண்ணா லெட்டர் எழுதுச்சி? அது வாயால பேசறதுக்கே நேரம் பத்தல. எழுத ஏது சார் டைமு?”
“ஒத்துக்கலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போங்க.”

டி.சி.யா! ஒரு சைக்கிளுக்காகவா? ஐயோ, நான் என்ன மனுஷி…

“சார், அது நான் எழுதினது.”

நம்பவில்லை. மேஜையிலிருந்த பேனாவை இடது கையில் பிடித்து ‘திருநீர்மலை’ என்று எழுதிக் காட்டினேன்.

முத்தாலம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “படிச்ச பொண்ணு. உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல? மூணு நாளா கொழந்த கால் கடுக்க நின்னுகினு கீது.” பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

ஹெச்.எம். அந்தச் சீட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு, “சைக்கிள் கதை நல்லா இல்லையாம்மா?”
“கதை நல்லாத்தான் சார் இருக்கு. வெயில்லதான்…”
“அரை மணி நேரம்கூட ஆகாது.”
“முப்பத்தெட்டு நிமிஷம் சார்.”

மெமோ உண்டு. நிரந்தர ஆர்டர் அடுத்த வருடம் பார்க்கலாமாம். கதவருகே போனதும் கூப்பிட்டார். “பெட்டி இருக்கட்டும். நீங்க மட்டும் அதுல எதுவும் போடாதீங்க.”

20.7.2007, வெள்ளி
வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஜோதிலட்சுமி முகம் மலரும் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

எழுந்தாள். “ஜன்னலாண்ட நின்னு பாத்துகினே இருந்தீங்க இல்ல மிஸ்? உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே பாத்தீங்க. எனக்கு உங்க மேல செம காண்டு.”


“நியாயம்தான்” என்றேன். “காண்டாவே இரு.”
மகேஷ் கை தூக்கினான். “எத்தினி நாளைக்கு மிஸ்?”
“அது அவ இஷ்டம்டா.”

23.7.2007, திங்கள்
ஹெச்.எம். வழிபாட்டை வேப்பமர நிழலுக்கு மாற்றிவிட்டார். பேச்சு ஐம்பத்திரண்டு நிமிடம்.

3.8.2007, வெள்ளி
ஜோதிலட்சுமி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஜெயப்ரியாவைத் தள்ளி உட்காரச் சொல்லி, முதல் பெஞ்சில் என் மேஜைக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள். பிடித்து, பீரியடு முழுக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே இருந்திருந்தால் அந்தக் காண்டு எனக்குத் தெரியாமல் போயிருக்கும் அல்லவா.

மணி அடித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஒரு எழுத்தும் இல்லாத போர்டை நான் வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தேன்.