புல் வளர்க்கிற வேலை

அப்பா,

இன்று காலை மைதானத்தின் ஐந்தாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு சோடி இரப்பர் செருப்பு கிடந்தது. குதிப்பக்கம் தேய்ந்து, வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்த செருப்பு. உங்களுடையது என்றே குனிந்து எடுக்கப் போனேன். நீங்கள் போய் ஒரு பெரும்போக அறுவடையும் கழிந்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது, எங்களிடம் வேலை கேட்டு வந்திருக்கும் வவுணதீவுப் பிள்ளை ஒருத்தியின் தகப்பனுடையது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்களோடு எனக்கொரு வழக்கு இருக்கிறது.

வேளாண்மைப் படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்காகக் காத்துக் காத்து அலுத்துப்போயிருந்தேன். அந்த நேரம்தான் வாகரைப் பக்கம் ஹோட்டல்காரர்கள் கோல்ஃப் மைதானம் போட்டார்கள். புல் பராமரிக்கப் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். வீட்டில் சொன்ன அன்று நீங்கள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டீர்கள்: "வயலுக்க பிடுங்கி எறியிற புல்ல, நீ சம்பளத்துக்கு வளக்கப் போறியா புள்ள? ஊரில கேட்டா நான் என்னெண்டு சொல்ற?"

சொல்லத் தெரியாமல், அரசாங்க உத்தியோகம் என்று ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டீர்கள். "மகள் நீர்ப்பாசனக் கந்தோரில." வட்டை விதானையாக இருந்து, யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று ஊருக்கே கட்டளை போட்ட மனிதர், சொந்த மகளின் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டீர்கள். கலியாண வீடுகளில் ஆட்கள் என்னை மறித்து, "எங்கட வாய்க்கால எப்ப புள்ள திருத்துவீங்க?" என்று முறைப்பாடு வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவிடம் கத்துவேன். உங்களிடம் கத்தத் துணிவில்லை.

கோல்ஃப் என்றால் ஊருக்குத் தெரிந்தது இரண்டே பேர்தான். பந்தை அடிக்கிறவர், அவருடைய பையைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறவர். இடையில் எத்தனை பேர் இதில் சோறு தின்கிறோம்! குழாய்க்கும் பம்புக்கும் ஒருவர், வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட ஒருவர், விளையாடப் பழக்க ஒருவர், மண்ணோடும் பூச்சியோடும் மல்லுக்கட்ட நான். தொழிலைச் சரியாகப் பழகினால் துபாய்க்கும் போகலாம், இங்கேயே தலைமைப் பொறுப்புக்கும் வரலாம். இதையெல்லாம் உங்களுக்கு விளக்கினேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டினீர்கள். அடுத்த நாளும் நான் நீர்ப்பாசனக் கந்தோரில்தான்.

பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், அம்மா தந்த தயிர்ச்சட்டியோடு பஸ் ஏறி வந்து நின்றீர்கள். ஐந்தாவது குழியைச் சுற்றி, பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை. கிரீன் என்று சொல்வோம். அதன் ஓரத்துக்கு வந்ததும், நெல்லுச் சூடடிக்கிற களத்துக்குள் இறங்கும்போது செய்வதைப் போல, செருப்பைக் கழற்றி வைத்தீர்கள். யாரும் சொல்லவில்லை.

அதோடு விட்டீர்களா! கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் சப்பாத்தோடு கிரீனில் நின்று பந்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, சப்பாத்தக் கழட்டிப்போட்டு ஏறுங்க! புள்ளைகள் பாடுபட்டு வெச்சிரிக்கிற இடம்" என்று அதட்டினீர்கள். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மொழி விளங்காத அந்த மனிதர், உங்கள் வெறுங்காலைப் பார்த்தார், ஏதோ கோயில் வழக்கம் என்று எண்ணியிருக்க வேண்டும், ஒற்றைக்காலில் தள்ளாடிச் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையோடு பந்தைத் தட்டினார். அது நேரே குழிக்குள் போய் விழுந்தது. மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதைப் பார்த்து நின்ற எங்கள் மேலாளர் திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பிப் போகப் பஸ் ஏறும்போது, "மறுகா எப்ப புள்ள பசளை போடுவ?" என்று கேட்டீர்கள். நெல்லுக்கு உரம் போடுவதைக் கேட்கிற மாதிரிக் கேட்ட அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். எனக்குப் போதவில்லை, அப்பா. ஊருக்குப் போனதும் திரும்பவும் அதே கந்தோர்தானே! உங்கள் செத்த வீட்டில்கூட ஒருவர் என்னை அப்படித்தான் இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார். அழுகைக்கு நடுவிலும் உங்கள் மேல் கோபம் வந்தது.

இன்று வந்த தகப்பன் வேலையைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். புல்லில் வெறுங்காலோடு நின்று, மகளுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டார்: "எல்லாம் நல்லந்தான் மிஸ். ஊரில கேட்டா என்ன வேலையெண்டு சொல்ற?"

ஓரத்தில் கிடந்த அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"புல்லு வளக்கிற வேலை எண்டு சொல்லுங்க. எங்கட அப்பா கடைசி மட்டும் சொல்லல்ல. நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் சொல்லிப் பார்த்தார். "என்ர மகள் புல்லு வளக்கிறாள்." திரும்ப ஒருமுறை, கொஞ்சம் சத்தமாக. நான் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாளைக்குப் பசளை போடுகிறேன், அப்பா.